வாங்கிய பிறகு வரும் கடிதங்கள்: இந்த முறை தண்ணீர்

கலப்புத் தீவனம் வாங்குவது பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, தீவனத்தில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டியில் வந்து நிற்கின்றன. சிலவற்றை வெட்டிச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கே: கறவை மாட்டுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வைத்தால் பால் கூடுமா? (திருப்பூர்)

மின் கட்டணம் கூடும்.

கே: சித்திரை பிறந்ததும் எங்கள் கலப்பின மாடு பன்னிரண்டு லிட்டரிலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டது. பால் பெருக்கும் டானிக் மூன்று பாட்டில் ஊற்றியும் பலனில்லை. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் காட்டுகிறோம். அடுத்து எந்த டானிக் வாங்கலாம்? (ஈரோடு)

பதிலை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் கறக்க மூன்று, நான்கு லிட்டராவது உள்ளே போக வேண்டும்; உடம்புக்கு வேண்டியது தனி. பன்னிரண்டு லிட்டர் கறக்கும் மாடு கோடையில் நாளுக்கு எண்பது, நூறு லிட்டர்கூடக் குடிக்கும். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் உண்டு; வைக்கோலில் பத்தில் ஒரு பங்குதான். கோடையில் நீங்கள் போடுவது வைக்கோலாகத்தான் இருக்கும். அதோடு இரண்டு வேளை வாளி காட்டினால் மடிக்கு எங்கிருந்து வரும்? தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், அதுவும் சேர்ந்து பாலை இறக்கும். நிழலில் தொட்டி வைத்து நாள் முழுக்க நிரப்பி வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாசி போகத் தேய்த்துக் கழுவி, உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், மருந்துக்கடைக்காரரை அல்ல.

கே: மாடு மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும் தானியங்கிக் கிண்ணம் வாங்கலாமா? நான்கு மாடு இருக்கிறது. (நாமக்கல்)

நான் இரண்டு வாங்கினேன். தாகத்தோடு வரும் மாடு நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் இழுக்கும். என் மேல்தொட்டி இருந்ததோ கிண்ணத்திலிருந்து ஆறடி உயரத்தில், குழாய் அரை அங்குலம். கிண்ணத்தில் வந்தது மூக்கு நனைய மட்டும். மாடு இரண்டு நாள் பொறுமையாக அழுத்திப் பார்த்தது. மூன்றாம் நாள் கொம்பால் பதில் சொன்னது. மிஞ்சிய ஒரு கிண்ணத்தில் இப்போது கோழிக்குக் கம்பு வைக்கிறோம். நீங்கள் வாங்கும் முன் உங்கள் குழாயடியில் வாளியை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பத்து லிட்டர் வராவிட்டால் சிமெண்ட் தொட்டியே போதும்.

கே: கணவர் இறந்த பின் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறேன். வீடு தேடி வந்த ஒருவர், ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீரும் இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீரும் ஊற்றிக் கரண்ட் கம்பி விட்டார். எங்களுடையது சாக்கடையாக மாறியது. இதைக் குடிப்பதால்தான் மாடு சினை பிடிக்கவில்லை என்று சொல்லி, குழாயில் காந்தக் கருவி மாட்டி 18,500 ரூபாய் வாங்கிப் போனார். தண்ணீர் அதே உப்புத்தான். போனை எடுப்பதில்லை. கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று இருக்கிறது. முட்டாள்தனம் செய்துவிட்டேனா, ஐயா? (திண்டுக்கல் மாவட்டம்)

இல்லை அம்மா. வேதியியல் படித்தவர்களே இந்த வித்தையில் விழுந்திருக்கிறார்கள்.

அவர் விட்ட கம்பியில் இரும்பு இருந்தது. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக இறங்கும். நீங்கள் பார்த்த சாக்கடை உங்கள் போரிலிருந்து வந்ததல்ல, அவர் கம்பியிலிருந்து வந்தது. அவர் கொண்டுவந்தது உப்பு எடுத்த தண்ணீர். அதில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நின்றது. அதிலும் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதே சாக்கடைதான். எத்தனையோ வருடமாகத் திண்ணை திண்ணையாக இந்தப் பித்தலாட்டம் நடக்கிறது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

காந்தத்துக்கு வருவோம். குழாய்க்கு வெளியே மாட்டிய காந்தம், தண்ணீரில் கரைந்த உப்பில் ஒரு சிட்டிகைகூட எடுக்காது. எடுத்தால் அந்த உப்பு எங்கே போய்ச் சேரும்? கருவியில் அதைக் கழித்துவிட வழி ஏதும் இருக்கிறதா, பாருங்கள்.

உங்கள் தண்ணீர் கெட்டதா என்பதே இன்னும் தெரியாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை மாட்டுக்குப் பேச்சே இல்லை. 3,000 வரை சமாளிக்கும், பழகும்வரை கொஞ்சம் கழியலாம். 5,000 தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் வேண்டாம். 10,000 தாண்டினால் எந்த மாட்டுக்கும் ஆகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துவிடலாம். சினை பிடிக்காததற்கு மருத்துவர் கையால் பரிசோதனை நடக்கட்டும்.

பணத்துக்கு: 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். மாடு வைத்துப் பால் விற்பவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். பிழைப்புக்கான சுயதொழிலுக்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. அந்தச் சீட்டு, அவர் போன் எண், பணம் போன விவரம், கருவி எல்லாம் பத்திரம். ஆத்திரத்தில் கருவியைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிடாதீர்கள்.

கே: டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பார்த்தேன், 700 காட்டுகிறது. ஆனால் இளம் மாடுகளுக்குப் பல் பழுப்பாகி, நொண்டவும் செய்கின்றன. மீட்டர் டூப்ளிகேட்டா? (தர்மபுரி)

மீட்டர் சரியாகவே இருக்கலாம். மொத்த உப்பு எவ்வளவு என்று அது மதிப்பிடும். என்ன உப்பு என்று சொல்லாது. புளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றுமே அதன் கண்ணில் படாது. உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு நெடுநாள் தொல்லை; பல் பழுப்பதும் நொண்டுவதும் அதனாலாக இருக்கலாம். கால்நடைக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் தாண்டக்கூடாது. பல் உருவாகும் வயதில் அதிகம் குடித்த கன்றுக்குக் கறை போகாது. புளோரைடு என்று தனியாகச் சொல்லிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை கன்றுகளுக்காவது மழைநீரோ ஏரித் தண்ணீரோ காட்டுங்கள்.

கே: 800 நாட்டுக்கோழிக்கு லசோட்டா மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? எங்கள் தண்ணீர் மேல் குறையில்லை, தினமும் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். (கரூர்)

அந்தக் கடைசி வாக்கியத்தை எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடி போட்டு மாட்டி வைப்பார். லசோட்டா தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் அதைக் கொன்றுவிடும், மருந்து வீணாகும். இரண்டு நாள் முன்பே பிளீச்சிங்கை நிறுத்தி, மிச்சக் குளோரினை முறிக்கக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடர் போட்டிருக்க வேண்டும். மருந்தோடு தரும் தாளைப் படித்தீர்களா? படித்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

கே: பக்ரீத் சமயத்தில் உயிர் எடைக்கு ஆடு வாங்கினேன். சந்தையில் 32 கிலோ, மறுநாள் வீட்டில் 28. தராசு மோசடியா? (வேலூர்)

தராசு பாவம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. விற்பவர்கள் ராத்திரி ஆட்டைத் தாகத்தில் போட்டு, விடியற்காலை உப்புப் போட்ட தவிடு வைத்து, பிறகு தொட்டிக்கு விடுவார்கள். மறுநாள் அது புழுக்கையும் மூத்திரமுமாகப் போய்விடும். இடது வயிற்றைத் தட்டி, தளும்பினால் மத்தியானம்வரை கட்டி வைத்து எடை போடச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இந்தக் கணக்கில் போனது மூன்றரை கிலோ. நீங்கள் என்னை முந்திவிட்டீர்கள்.