விஞ்ஞானி ஆக வேண்டும் என்றால் பதினொன்றாம் வகுப்புதான் வழியா?

ராணிப்பேட்டை பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனாரின் கடிதத்துக்கு எழுதிய பதில் இது. இதே குழப்பத்தில் பல வீடுகள் இருப்பதால், அடையாளம் தெரியாதபடி மாற்றி எல்லோரும் படிக்கத் தருகிறேன்.

அவருடைய மகள் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர வேண்டும் என்கிறாள். பெண்ணின் தாய்மாமா விடவில்லை. "இவ்வளவு மார்க் வாங்கிய பிள்ளையை யாராவது பாலிடெக்னிக்கில் போடுவார்களா" என்று கேட்டு, ஐஐடி நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. பயிற்சியோடு சேர்ந்த பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு பள்ளியில் பேசி வைத்துவிட்டார். இரண்டு ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய்.

ஐயா, கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஆறுதலாக நாலு வரி எழுதியிருப்பேன். ஆனால் வீட்டு நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: வைக்காதீர்கள். மகள் கேட்காத ஒரு படிப்புக்காக வட்டி கட்டத் தொடங்கும் வீட்டில், அந்தப் பிள்ளை எழுதும் ஒவ்வொரு தேர்வும் கடன் கணக்காகிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை மீது அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது.

அந்தப் பள்ளியின் விளம்பரத்தில் சந்திரயான் விஞ்ஞானிகளின் படம் இருந்ததாகவும், மகளையும் ஒருநாள் அப்படி ஒரு மேடையில் பார்க்க ஆசைப்படுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நியாயமான ஆசை. 2023 அக்டோபர் 2 அன்று சென்னையில் தமிழ்நாடு அரசு ஒன்பது இஸ்ரோ விஞ்ஞானிகளைப் பாராட்டி, தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்ததே, அப்படிப்பட்ட விழாக்கள் நமக்கு நிறைய வேண்டும். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர் என்று தெரியும்போது, தென்காசிப் பக்கத்துப் பெண் பிள்ளைக்கு வரும் துணிச்சலை எந்தப் பாடப்புத்தகமும் கொடுக்காது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அவர்களின் படத்தை அச்சடிப்பவர்கள், பத்தாம் வகுப்பு முடித்ததும் அவர்கள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்வதில்லை.

நான் சொல்கிறேன். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்தவர். தகப்பனார் ரயில்வேயில் டெக்னீஷியன். பள்ளி முடித்து விழுப்புரத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தார். பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அரசு கொடுத்த 25 லட்சத்தையும் அவர் தான் படித்த கல்வி நிலையங்களுக்கே பகிர்ந்து கொடுத்தார். அந்தப் பட்டியலில் பாலிடெக்னிக்கும் இருந்தது.

அதே மேடையில் இருந்த வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர், தமிழ் வழியில் படித்தவர். அவரும் மெக்கானிக்கல் டிப்ளமோதான். சில தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். பிறகு கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் (அதிகுளிர்) பொறியியலில் எம்.டெக்., 1989-இல் முதல் ரேங்க். சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் அடுக்கை உருவாக்கிய திட்டத்துக்கு அவர்தான் இயக்குநர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். பாலிடெக்னிக் என்றால் ஃபெயில் ஆன பிள்ளைகள் போகும் இடம் என்ற பேச்சு அதோடு நிற்கட்டும்.

பிளஸ் டூ, கவுன்சலிங், பி.இ. என்ற வழியைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அதைச் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். டிப்ளமோ வழியைப் பற்றித்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

முதலில் ஆண்டுக் கணக்கு. பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, ஆக ஆறு. டிப்ளமோ மூன்று, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு என்பதால் இன்னொரு மூன்று, ஆக அதுவும் ஆறு. ஒரு வருடம்கூட வீணாவதில்லை. வித்தியாசம் இதுதான்: டிப்ளமோ பிள்ளையின் கையில் பதினெட்டு வயதில் வேலைக்குப் போகக்கூடிய ஒரு தகுதி இருக்கும். வீட்டில் நெருக்கடி வந்தால் அப்போதே சம்பாதிக்கலாம், பகுதி நேர பி.இ. படிக்கலாம். பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அது முடியாது.

படிப்பும் வேறு மாதிரி. முதல் ஆண்டிலேயே ஒர்க்‌ஷாப், இன்ஜினியரிங் டிராயிங். பிறகு மெஷின்ஸ் லேப், வயரிங், கண்ட்ரோல் பேனல். உங்கள் மகள் பள்ளி விட்டு வந்து கடையில் உட்கார்ந்து ஸ்டேட்டரில் காயில் இறக்குகிறாள், எரிந்த மோட்டாரை மெகர் (மின்காப்பு சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்து எந்தச் சுற்று போயிருக்கிறது என்று சொல்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக எழுதியிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. பல பிள்ளைகள் கல்லூரி முடித்த பிறகும் தொட்டுப் பார்க்காத வேலையை அவள் விரும்பிச் செய்கிறாள். அந்த விருப்பத்தை இரண்டு ஆண்டு பூட்டி வைத்து, காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை கொள்குறி வினாத்தாளில் உட்கார வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

செலவு? அரசு பாலிடெக்னிக்கில் ஓர் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பெண்களுக்கென்றே சென்னை தரமணியில் டாக்டர் தருமாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் இருக்கின்றன. சில கல்லூரிகளில் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோ உண்டு. படிப்பின் நடுவே தொழிற்சாலையில் மாதக் கணக்கில் பயிற்சி கிடைக்கும். அரை ஆண்டு கூடுதலானாலும், கை வேலையில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு அதை நான் முதலில் சொல்வேன்.

டிப்ளமோவோடு நின்றாலும் கெட்டுப்போவதில்லை. இஸ்ரோவே முதல் வகுப்பு டிப்ளமோ முடித்தவர்களை டெக்னிக்கல் அசிஸ்டெண்ட்டாக எடுக்கிறது. தற்போதைய விகிதத்தில் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் பணிக்கு 35,400. போட்டி கடுமைதான், ஆனால் வாசல் திறந்திருக்கிறது. பி.இ. முடித்து விஞ்ஞானியாகவே சேர வேண்டுமென்றால் முதல் வகுப்போடு 65 விழுக்காடு கேட்பார்கள்; லேட்டரலில் வந்தாயா, நேராக வந்தாயா என்பது அங்கே தடையில்லை.

இந்த வழியில் இழப்பதும் உண்டு. ஐஐடி பி.டெக்.கில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை கிடையாது. நான் சொன்ன இருவரும் ஐஐடிக்குள் போனது மேற்படிப்புக்கு. லேட்டரலில் வரும் பிள்ளைகள் பி.இ. முதல் ஆண்டுக் கணக்கைப் படிக்காமல் இரண்டாம் ஆண்டில் நுழைவதால் முதல் பருவத்தில் திணறுவார்கள். அதற்கு ஒரே மருந்து, டிப்ளமோ மூன்றாம் ஆண்டிலேயே வகையீடு, தொகையீடு இரண்டையும் தனியாகப் படித்து முடிப்பது. நல்ல அரசுக் கல்லூரியில் லேட்டரல் இடம் வேண்டுமென்றால் டிப்ளமோவில் மதிப்பெண் மிக உயர்வாக இருக்க வேண்டும். பாஸானால் போதும் என்று படிப்பவருக்கு இந்த வழி உதவாது. வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதி பி.இ.க்கு இணையான தகுதி பெறும், நாராயணன் காலத்து ஏ.எம்.ஐ.இ. வழியை இன்று நம்பி இறங்க வேண்டாம். இன்னொன்று: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன், கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் மகள் தனியார் பள்ளி என்பதால் அந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

உறவுக்காரர்கள் வாய்க்குப் பதில் சொல்வது கஷ்டம் என்று அம்மா தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள். புரிகிறது. ஆனால் தவணையை அவர்கள் யாரும் கட்டப் போவதில்லை. மச்சான் அக்கறையில்தான் பேசுகிறார். அவரைப் பகைக்க வேண்டாம். ஒரு வேலை நாளில் பக்கத்து அரசு பாலிடெக்னிக்குக்கு மகளோடு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். லேப் பூட்டிக் கிடக்கிறதா, பிள்ளைகள் மெஷினில் நிற்கிறார்களா என்று பாருங்கள். கடைசி ஆண்டு மாணவிகளிடம் வளாகத் தேர்வுக்கு எந்த நிறுவனங்கள் வந்தன, எத்தனை பேர் லேட்டரலில் போனார்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். தனியார் பாலிடெக்னிக் பார்ப்பதாக இருந்தாலும் இதே சோதனைதான். லேப் காட்ட மறுக்கும் இடத்தில் விண்ணப்பம்கூட வாங்காதீர்கள்.

விண்ணப்பத்தில் பாடப்பிரிவு வரிசையை அவளே நிரப்பட்டும். எலக்ட்ரிக்கலுக்கு அடுத்து இன்ஸ்ட்ருமென்டேஷன், மெக்கட்ரானிக்ஸ் இரண்டையும் யோசிக்கலாம். அந்தப் பள்ளிக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கட்டியிருந்தால் ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.