சிலிக்கான் டயோடு ஏன் ஒளிர்வதில்லை?

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் வாங்கிய எல்.இ.டி., சாதாரண சிலிக்கான் டயோடு இரண்டுமே பி-என் சந்திகள்தாம் (பி வகை, என் வகைக் குறைக்கடத்திகள் சேரும் இடம்) என்கிறார்கள். அப்படியிருக்க, ஒன்று மட்டும் ஒளிர்வது ஏன்?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டிலும் எலக்ட்ரானும் துளையும் மறுபடி இணையத்தான் செய்கின்றன, விடுபடும் ஆற்றல் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில்தான் வேறுபாடு. எலக்ட்ரான்கள் தடையின்றி நகரும் உயர் ஆற்றல் நிலைகளான கடத்தல் பட்டையிலுள்ள எலக்ட்ரான், அதற்குக் கீழுள்ள இணைதிறன் பட்டையின் காலியிடமான துளையில் வந்து விழும்போது, பட்டை இடைவெளிக்கு, அதாவது இவ்விரு பட்டைகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ நிகரான ஆற்றலை இழந்தாக வேண்டும். எல்.இ.டி.களில் பயன்படும் குறைக்கடத்தியான காலியம் ஆர்சனைடில் இரு பட்டைகளின் விளிம்புகளும் ஒரே உந்தத்தில் அமைந்திருப்பதால், சுமார் 1.42 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் நேரடியாக அகச்சிவப்பு ஃபோட்டானாக (ஒளித்துகளாக) வெளிப்படுகிறது. (டி.வி. ரிமோட்டின் நுனியில் இருப்பதும் அகச்சிவப்பு எல்.இ.டி.தான், செல்போன் கேமராவைக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் அதன் ஒளி திரையில் தெரியும்.)

சிலிக்கானின் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் அங்கே விளிம்புகளின் உந்தங்கள் பொருந்துவதில்லை. ஃபோட்டான் பிறக்க வேண்டுமானால், படிக அதிர்வான ஃபோனான் ஒன்றும் அதே கணத்தில் பங்கேற்று உந்த வேறுபாட்டை ஈடுகட்ட வேண்டும், இது அரிது. அதற்குள், படிகக் குறையோ மாசு அணுவோ இடைவெளியின் நடுவே உண்டாக்கிய ஆற்றல் மட்டத்தில் எலக்ட்ரான் சிக்கிக்கொள்கிறது. துளையும் அங்கேயே வந்து சேர, ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. இயற்பியலாளர்கள் ஷாக்லி, ரீட், ஹால் ஆகியோர் 1952இல் விளக்கிய வழி இது. சூரிய மின்கலத்தில் இதை இழப்பு என்றே சொல்ல வேண்டும். ஆனால் வேகமாக அணைய வேண்டிய சில டயோடுகளில், தேங்கிய மின்னூட்டம் விரைவில் தீர வேண்டும் என்பதற்காகத் எலக்ட்ரானைச் சிக்கவைக்கும் மாசாகத் தங்க அணுக்களைச் சிலிக்கானுக்குள் வேண்டுமென்றே ஊடுருவச் செய்கிறார்கள்.