நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் செங்கோட்டைக்காரன். சார்நிலைக் கருவூலத்தில் உதவி கருவூல அலுவலராக இருந்து, சென்ற ஆண்டு 60 வயதில் பணி ஓய்வு பெற்றேன். ஆண்டுதோறும் நேர்காணலுக்கு வரும் ஓய்வூதியர்களை, தாங்கள் உயிரோடிருப்பதை மெய்ப்பிப்பதற்காக வராந்தாவில் காத்திருக்கும் முதியவர்களை, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தே பழகியவன். இந்த ஆண்டு நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிச்சமிருக்கும் வாழ்க்கையை யாருக்கும் கட்டுப்படாமல், என் விருப்பப்படி, நிறைவாக அமைத்துக்கொள்வது என்று முடிவு செய்து கால அட்டவணை ஒன்று வகுத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு நடை, ஆறரைக்கு யோகாசனம், எட்டுக்குச் சிற்றுண்டி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வாசிப்பு. ஆனால் வீட்டில் ஒத்துழைப்புப் போதவில்லை. சிற்றுண்டி எட்டேகாலாகிவிடுகிறது, வாசிக்க உட்கார்ந்தால் மிக்சி ஓடுகிறது. மகன் புனேயில் இருக்கிறான், நிரந்தரமாக அங்கே வந்துவிடச் சொல்கிறான். மகளைக் கேரளத்துப் புனலூரில் கொடுத்திருக்கிறோம். பேத்தி நான்காம் வகுப்புப் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது என்பது எனக்குக் குறை. பணிக்கொடையை எதில் போடுவது, வீட்டை மகன் பெயருக்கு இப்போதே எழுதிவிடலாமா, புனேவுக்குப் போகலாமா, இந்த வயதில் வாசிக்க வேண்டிய புத்தகங்கள் எவை என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

கே., செங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சி,

நேர்காணல் பெஞ்சைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்று உங்களுக்கு வந்த கலக்கம் நியாயமானது. அதை மறைக்காமல் எழுதிய உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குப் பதில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. என் தோழிகளின் கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றுவருகிறார்கள், தொலைபேசியில் அந்தத் தோழிகளின் குரல் மாறிவருவதை நான் சில காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்தது முதுமையல்ல, ஓர் அரசாணை. தமிழ்நாட்டில் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால், 2013 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்த கேரள அரசு ஊழியர் 56 வயதிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். அன்றைக்கு எல்லைக் கோடு சற்றுக் கிழக்கே விழுந்திருந்தால் நீங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிழவராகியிருப்பீர்கள். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வைத்த வயது 70. அதை 65 ஆக்கியது 1916-இல். எல்லாமே கஜானாவின் கணக்கு. வாழ்நாளெல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்த நீங்கள் அதை உங்கள் உடம்பின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு தூக்கம் கெடுவானேன்?

பணத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெற்ற ஓய்வூதியப் பகுதி 15 ஆண்டுகள் கழித்து மாத ஓய்வூதியத்தில் மீண்டும் சேரும் என்பதை எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியிருப்பீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அது போதும். ஆனால் வீட்டை எழுதிக்கொடுக்காதீர்கள். மகன் எவ்வளவு நல்லவனானாலும் எழுதிக்கொடுக்காதீர்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி தருகிறது. அந்த நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்தில் எழுதாமல் பாசத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிறகு கோட்டாட்சியர் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் பெயருக்காவது மாற்றியே தீர வேண்டும் என்றால் பாதியை உங்கள் மனைவி பெயருக்கு மாற்றுங்கள். உங்களுக்குப் பிறகு அவருக்கு மாதாமாதம் வரப்போவது குடும்ப ஓய்வூதியம் மட்டுமே.

புனேவுக்கு இப்போது போக வேண்டாம். மகன் அழைத்ததை எழுதி, போகலாமா என்றும் கேட்ட நீங்கள், மகள் இருப்பதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். 2018-இல் அகலப்பாதை வேலை முடிந்து செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மறுபடியும் ரயில் ஓடுகிறது. காலையில் ஏறினால் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்துக்கொண்டே போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். அந்தப் பேத்தியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி உங்கள் கால அட்டவணைக்கு வருகிறேன். என்னைக் கோபப்படுத்தியது அதுதான். யாருக்கும் கட்டுப்படாத வாழ்க்கை என்று எழுதுகிறீர்கள். எட்டு மணிச் சிற்றுண்டிக்கு ஆறு மணிக்கே அடுப்பைப் பற்றவைப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டு அதைச் செய்கிறார்? உங்கள் கடிதம் முழுவதிலும் உங்கள் மனைவி இல்லை. 'வீட்டில்' என்ற ஒரு சொல்லும், ஒரு மிக்சியின் சத்தமும் இருக்கின்றன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நீங்கள் வாசிக்கும்போது அவர் மதியச் சமையல் செய்யக்கூடாது, ஆனால் பன்னிரண்டரைக்குச் சோறு இலையில் இருக்க வேண்டும். இதற்குப் பெயர் ஒத்துழைப்பா? நாற்பது பேர் எழுந்து நின்ற அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வரும்போது நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அங்கே நாற்பது பேர் பகிர்ந்து சுமந்த அதிகாரத்தை இங்கே ஒருத்தி தனியாகச் சுமக்கிறாள். நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கிறீர்கள், பதவியிலிருந்து இன்னும் பெறவில்லை.

இதைப் படித்தறிந்து சொல்லவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். என் அப்பா பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை என்று மீட்டர் கேஜ் மலைப்பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஒற்றைத் தடத்தில் அவர் டோக்கன் கொடுக்காமல் வண்டி நகராது. 58 வயதில் ஓய்வு பெற்று வந்தவர், முதல் வேலையாக அடுக்களைக் கதவருகே ஆணியடித்து ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டார். பால் வந்த நேரம், காபி வந்த நேரம், மின்சாரம் போன நேரம் எல்லாம் அதில் ஏறின. 'காபி 12 நிமிடம் தாமதம்' என்று அவர் எழுதிய ஒரு காலையில் அம்மா ஈரக் கையோடு வந்து பார்த்துவிட்டு, "தாமதத்துக்குக் காரணம்னு ஒரு பத்தி வேணுமே, அத யாரு எழுதுவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். பிறகு பல நாட்கள் அந்த வீட்டில் பேச்சில்லை.

அந்த ஆண்டு கார் பருவத்தில் சாரல் பிந்தியது. பெரியகுளத்தில் தண்ணீர் குறைந்து, முறை வைத்து மடை திறந்தார்கள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று ஊர் வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியிடம் அப்பா சண்டைக்குப் போனார். நீர்பாய்ச்சி அவரைவிட இருபது வயதாவது இளையவர், கைநாட்டு வைப்பவர், எங்கள் வீட்டு முற்றத்துக்கு மேல் வர அந்நாளில் அவருக்கு அனுமதி இல்லை. அவர் அப்பாவை எதிர்த்துப் பேசவில்லை. "சார் ஒரு நாள் கூட வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். அப்பா குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனார். போனவர் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார்.

நீர்பாய்ச்சியின் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு நுட்பமானது என்று. முறைத்தண்ணீர் நாட்களில் எந்த நிலக்காரரும் தன் வயலுக்குத் தண்ணீர் விடும் வாமடையைத் தானே வெட்டக்கூடாது. பத்து ஏக்கர்காரருக்கும் பத்து சென்ட்காரருக்கும் அவர் கைதான் திறந்து அடைக்கும். கடைமடையில் பயிர் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தலைமடைக்குப் போவார். வயலில் இறங்கிக் கட்டைவிரலால் சேற்றை அழுத்திப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் தாங்கும், இது தாங்காது என்று சொல்வார். வாமடையை அடைக்க மண்ணை மட்டும் போட்டால் கரைந்துவிடும் என்பதால், புல்லோடு சேர்த்து ஒரே வெட்டில் பெயர்த்த கட்டியை வேர் உள்பக்கம் இருக்கும்படி வைத்துக் குதிகாலால் மிதிப்பார். கூலி அறுவடையில் நெல்லாக வரும். யார் வீட்டு நெல் கூடுதல் என்று பார்த்து அவர் தண்ணீர் விட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்பா அவருக்குப் பின்னால் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். "இங்க நில்லுங்க", "இன்னும் கொஞ்சம் வெட்டுங்க", "போதும்" என்று அவர் சொல்வதற்கெல்லாம் பணிந்தார். முதலில் கட்டி பிளந்து பிளந்து விழுந்தது. சரியாகப் பெயர்க்கக் கை பழகுவதற்குள் அடுத்த பருவமான பிசானமும் வந்துவிட்டது. எந்த மேடையிலும் சமத்துவம் பேசியறியாத என் அப்பா, பெயர் சொல்லி 'நீ' என்று அழைத்துக்கொண்டிருந்தவரை 'வாங்க' என்று அழைக்க ஆரம்பித்ததும், எங்கள் திண்ணையில் தன்னருகே உட்காரவைத்ததும், தெரு முழுவதும் முணுமுணுத்தும் அதை நிறுத்தாததும், அதற்குப் பிறகு நடந்தவை. நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது எந்த நாளில் நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. காபியைத் தானே போட்டு அம்மாவுக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டு விடியும் முன் கிளம்பிக்கொண்டிருந்தார்.

எனவே அண்ணாச்சி, நிறைவு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: உங்களை யாரும் சார் என்று அழைக்காத ஓரிடத்தில், உங்களுக்கு ஒன்றும் தெரியாத ஒரு வேலையில், கடைசி ஆளாகப் போய்ச் சேருங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு யோசனை சொல்பவர்கள் எல்லாரும் உங்கள் அனுபவத்தைச் சமுதாயத்துக்குக் கொடுங்கள், இளைஞர்களுக்கு வழிகாட்டுங்கள், சங்கத்துக்குத் தலைவராகுங்கள் என்கிறார்கள். வேண்டாம். அது அதே நாற்காலிக்கு வேறு உறை போடுவது. முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தாயிற்று, இனி கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு வயது தடையென்று சொல்லாதீர்கள். உங்கள் மகள் வாழும் கொல்லம் மாவட்டத்திலேயே பாகீரதி அம்மா என்ற மூதாட்டி 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதித் தேறினார். முடிவு 2020-இல் வந்தது. ஆலப்புழையில் கார்த்தியாயினி அம்மா 2018-இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். கோயில்களைப் பெருக்கிச் சுத்தம் செய்து பிழைத்தவர் அவர். வாழ்நாள் முழுவதும் எந்த நாற்காலியிலும் உட்காராத அந்தப் பெண்களுக்கு மாணவராக உட்காருவது இறக்கமாகத் தெரியவில்லை.

உங்கள் பேத்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்று குறைப்படுகிறீர்கள். செங்கோட்டையில் பிறந்து, மகளை மலைக்கு அந்தப்பக்கம் கொடுத்த உங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அந்தக் குழந்தையிடம் போய் எழுத்துப் படியுங்கள். நான்காம் வகுப்புக் குழந்தை கண்டிப்பான ஆசிரியராக இருப்பாள். தப்பாக எழுதினால் அந்த எழுத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வாள், எழுதுங்கள். தாத்தா தன் எழுத்தைப் படிக்கிறார் என்று கண்டால் அவளே ஒரு நாள் தாத்தாவின் எழுத்தைக் கேட்பாள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் கற்றது உங்களுக்கு.

அதற்கும் முன்னால் அடுக்களை. வாரத்தில் இரண்டு நாளாவது காலைச் சிற்றுண்டி உங்கள் பொறுப்பு என்று வையுங்கள். உதவி என்று நினைத்து அங்கே போகாதீர்கள், வேலை கற்கப் போங்கள். அரிசிக்கும் உளுந்துக்கும் என்ன கணக்கு, மாவு எந்தப் பதத்தில் வழிக்க வேண்டும், சாரல் காலத்தில் ஏன் புளிக்க நேரமாகிறது என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள். அடுக்களையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டக் கிளம்பிவிடாதீர்கள். உங்களைப் போன்றவர்கள் அடுத்த நாளே அதைத்தான் செய்கிறார்கள். அவர் கடிந்துகொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் ஓய்வு பெறும் வயது ஒன்று உண்டு என்று எந்த அரசும் ஆணையிடவில்லை, அந்த ஆணையை நீங்கள்தான் இட முடியும். அவர் எங்கே போக விரும்புகிறார், எந்நேரம் தூங்க விரும்புகிறார், புனே அவருக்குப் பிடிக்குமா என்றெல்லாம் நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இன்றைக்குக் கேளுங்கள்.

புத்தகப் பட்டியல் கேட்டீர்கள். இப்போது தரமாட்டேன். பிறர் வேலையின் மீது விரித்து வைக்கப்படும் வாசிப்புக்கு என்னால் துணைபோக முடியாது. சிற்றுண்டி வேலை கைக்கு வந்து, மலையாள உயிரெழுத்துகளும் முடிந்த பிறகு எழுதுங்கள், தமிழிலும் மலையாளத்திலுமாக அனுப்புகிறேன். அந்தக் கடிதத்தில் உங்கள் மனைவியின் பெயர் இருக்க வேண்டும். அவரும் நாலு வரி எழுத விரும்பினால் தனியாக எழுதி அனுப்பட்டும், அதை உங்களிடம் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அன்புடன்.