வர்த்தகக் குறிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் கவனம் வேண்டும்?

கேள்வி: நானுஓயா பக்கம் வீட்டிலேயே ஸ்ட்ரோபெரி ஜாமும் ஊறுகாயும் போட்டு விற்கிறோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தாயிற்று. இப்போது வர்த்தகக் குறிக்கான படிவத்தை இணையத்தில் எடுத்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்? சட்டத்தரணி தேவையா?

பதில்:

பெயர், லோகோ பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். நான் விலாசத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

நாங்கள் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவும் தங்கச்சியும் இஞ்சி டொபியும் மாங்காய் ஊறுகாயும் செய்கிறார்கள். படிவத்தை நிரப்பியது நான். விலாசம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர், மேல் டிவிஷன், ஹட்டன் என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். பிறந்ததிலிருந்து எங்களுக்கு அதுதானே விலாசம்? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்தக் காம்பராவுக்கும் தனி விலாசம் கிடையாது, எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது மேலே வந்தால் நம் கைக்கு வரும், வராவிட்டால் அங்கேயே கிடக்கும்.

எங்கள் கடிதம் கிடந்தது. சம்பளத்தன்று தங்கச்சி போனபோது, செக்ரோல் என்கிற சம்பளப் பதிவுப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து "இது உங்க அம்மாவுக்குத்தானே?" என்று கொடுத்திருக்கிறார்கள். குறியாக நீங்கள் கேட்ட பெயரில் ஆட்சேபம் இருக்கிறது, இத்தனை நாளுக்குள் பதில் தாருங்கள் என்று உள்ளே எழுதியிருந்தது. அந்த நாள் எப்போதோ போய்விட்டது. பிறகென்ன, முதலிலிருந்து புது விண்ணப்பம், மறுபடியும் கட்டணம்.

இரண்டாம் தடவை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாமாவின் விலாசத்தைப் போட்டோம். கடிதம் வந்தால் அன்றைக்கே போன் வரும். உங்களுக்கும் அப்படி ஒரு கடையோ, நம்பிக்கையான வீடோ இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு அந்த விலாசத்தைக் கொடுங்கள்.

அடுத்தது விண்ணப்பதாரரின் பெயர். அம்மா அடையாள அட்டையில் லெட்சுமி, வியாபாரப் பெயர்ச் சான்றிதழில் லட்சுமி. தோட்டத்து ஆட்களுக்கு இது புதுசில்லை, பிறப்புச் சான்றிதழ் எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அதுதான் நம் பெயர். எல்லாப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டு வந்த பிறகு படிவத்தைத் தொடுங்கள். யாருடைய பெயரில் போடுகிறீர்களோ அவர்தான் குறிக்குச் சொந்தக்காரர். லெப்டொப் தம்பியுடையது என்பதற்காகத் தம்பி பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

இனி, எங்கள் பெயருக்கு ஏன் ஆட்சேபம் வந்தது என்று சொல்கிறேன். நாங்கள் கேட்டது "ஹட்டன் ருசி". ஹட்டன் ஊர்ப்பெயர், ருசி எந்தத் தின்பண்டத்துக்கும் சொல்லக்கூடிய வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வெறும் ஊர்ப்பெயரையோ, பொருளின் குணத்தைச் சொல்லும் சொல்லையோ ஒருவர் மட்டும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், ஹட்டனில் எத்தனை பேர் டொபி செய்கிறார்கள்! ஆகவே "நுவரெலியா ஜாம்" என்று மனதில் வைத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். நாங்கள் "அப்பாயி ஜாடி" என்று மாற்றினோம். ஊறுகாய்க் கைப்பக்குவம் அப்பாயியுடையது, அதாவது அப்பாவின் அம்மாவுடையது, ஜாடியும் அவருடையதுதான், விளிம்பில் ஒரு பக்கம் உடைந்திருக்கும்.

பிரதேச செயலகத்துப் பதிவு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரில் நீங்கள் வியாபாரம் நடத்துகிறீர்கள் என்பதற்குத்தான் அது அத்தாட்சி. பதுளையில் ஒருவர் அதே பெயரைப் போத்தலில் ஒட்டினால் தடுப்பதற்கு வர்த்தகக் குறிப் பதிவு வேண்டும்.

வகுப்பு எண்தான் கொஞ்சம் தலையைச் சுற்றும். உலகம் முழுக்கப் பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், 1 முதல் 34 வரை பொருட்கள், மிச்சம் சேவைகள். உங்கள் ஜாம் 29, ஊறுகாயும் 29, எனவே ஒரே விண்ணப்பம் போதும். ஆனால் நாளைக்குச் சட்னி போடத் தொடங்கினால் அது 30. ஊறுகாய்க்கும் சட்னிக்கும் நடுவே ஏன் கோடு கிழித்தார்கள் என்று அம்மா இன்னும் கேட்கிறார், பதில் என்னிடம் இல்லை. டொபி, தேயிலை, மசாலா எல்லாம் 30. தண்ணீரில் கலந்து குடிக்கும் பழக் கோர்டியல் 32. பறித்தபடி விற்கும் ஸ்ட்ரோபெரி 31. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம் என்பதால் எல்லாவற்றுக்கும் போடலாம் என்று ஆசைப்பட வேண்டாம். ஆனால் எடுத்த வகுப்புக்குள் பொருட்களை ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள், பிறகு பட்டியலைக் கூட்ட முடியாது.

லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள். லேபல் நிறத்தை அடுத்த வருஷம் மாற்றத் தோன்றும். அப்புறம், அழகாக இருக்கிறதே என்று சிங்கத்தைச் சேர்க்காதீர்கள். வாளேந்திய அந்தச் சிங்கம் இலங்கைத் தேயிலைச் சபையுடையது, இங்கேயே பொதியிட்ட சுத்தமான சிலோன் தேயிலைக்கு மட்டும் உரியது.

சட்டத்தரணி கட்டாயமில்லை. இலங்கையில் இருப்பவர் தானே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபக் கடிதம் வந்து, பதில் எழுத முடியவில்லை என்றால் அப்போது பிடியுங்கள். ஏதாவது புரியாவிட்டால் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும், குறிகளைப் பதியும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்கலாம். இராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் அரசாங்க வர்த்தமானியில் போடுவார்கள். யாராவது எதிர்ப்பதாக இருந்தால் அதிலிருந்து 3 மாதம் இருக்கிறது. பதிவானால் 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும் வரை வட்டத்துக்குள் ஆர் போட்ட அடையாளத்தை லேபலில் அடிக்க வேண்டாம், பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

எங்கள் சான்றிதழ் மாமா கடைக்குத்தான் வந்தது. மிளகாய்த்தூள் நிறுத்த கையோடு கவரைப் பிரித்திருக்கிறார் போல, ஓரத்தில் சிவப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். அம்மா அதை அப்படியே பிரேம் போட்டுவிட்டார்.