பழைய அம்பாசடரின் துருப்பிடித்த தரைத்தகட்டை வெல்டிங் மூலம் சரிசெய்ய முடியுமா?

உங்கள் அம்பாசடரின் ஓட்டுநர் பக்கத் தரைத்தகடு ஓட்டை விழுந்துவிட்டதாகவும், மேலே ஒரு தகரத்தை வைத்துப் பற்றவைத்தால் போதும் என்று மதுரைப் பட்டறையில் சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அது போதாது. துருவின்மேல் வெல்டிங் பிடிக்காது. இரண்டு தகடுகளுக்கும் இடையே ஐப்பசி மழையின் ஈரம் தங்கி, மறுபடியும் அரிக்கத் தொடங்கிவிடும்.

விரிப்பை முழுவதும் அகற்றிவிட்டு, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இற்றுப்போன இடம் மந்தமாக ஒலித்துச் செதில் செதிலாக உதிரும். கணீரென்ற ஒலி வரும் இடம்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தகட்டைப் பொருத்தி, சிஓடூ வெல்டிங்கில் (கரியமில வாயுவின் காப்பில் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் முறை) ஒரு புள்ளி வைத்ததும் எதிர்ப்பக்கம் சென்று அடுத்த புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு இணைக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். பொறுமை இல்லாத கைக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது என்பதால், கதவுக்குக் கீழுள்ள பெட்டிச்சட்டமும் இற்றிருந்தால், கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து நிறுத்தாமல் தகடு வெட்டும் கிரைண்டரைத் தொடவே கூடாது. பேட்டரி இணைப்பையும் அருகிலுள்ள பெட்ரோல் குழாயையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். முடிவில் துத்தநாக பிரைமர், இணைப்புகளில் இடைவெளியை அடைக்கும் சீலர், அடிப்புறத்தில் அண்டர்கோட்டிங் என்னும் காப்புப் பூச்சு ஆகியவற்றை இதே வரிசையில் பூச வேண்டும்.