ஒரு முழு நாளை ஒரு மணிக்குள் அடைப்பது எப்படி? சாண்ட்மேன் கேள்வி பதில்

வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். காமிக்ஸ் படிப்பது பிழைப்பு அல்ல, பழக்கம். நீல் கெய்மன் எழுதி 1989 முதல் 1996 வரை 75 இதழ்களாக வந்த ‘சாண்ட்மேன்’, 2022 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் தொடரானது. கனவுகளை ஆளும் மார்ஃபியஸ் மனிதர்களிடம் சிறைப்படுகிறான். மீண்டு வந்து, தொலைத்த தன் உடைமைகளைத் தேடுகிறான். கதை இவ்வளவுதான். அதைத் திரைக்கு மாற்றியது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் கீழே. கதையின் திருப்பங்களை மறைக்காமல் பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: முதல் சீசனில் திரைக்கு மாற்ற மிகக் கடினமாக இருந்திருக்கக்கூடியது எந்த எபிசோட், அக்கா?

சந்தேகமே இல்லாமல் ஐந்தாவது. ஆறாம் இதழான ‘24 மணி நேரம்’தான் அதற்கு மூலம். ஜான் டீ என்ற மனம் பிறழ்ந்த மனிதன், மார்ஃபியஸின் மாணிக்கக் கல்லோடு சாலையோர உணவகம் ஒன்றில் வந்து உட்காருகிறான். உள்ளே பரிமாறுகிற பெண்ணும் நாலைந்து வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அவர்களுடைய மனங்களை அவன் ஆட்டிவைக்கிறான். நாள் முடியும்போது ஒருவரும் உயிரோடு இல்லை.

காமிக்ஸில் இது மணிக்கணக்குப் போட்டு நகர்கிறது. முதல் மணி, இரண்டாம் மணி என்று தலைப்பு வரும். சில மணிகளுக்குப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, சிலவற்றுக்கு ஓரிரு கட்டங்கள்தான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அந்த ஒரு மணியில் என்ன நடந்தது என்று யாரும் நமக்குக் காட்டுவதில்லை, நாமே கற்பனை செய்துகொள்கிறோம். கொடுமை முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மனம் தாளாவிட்டால் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடலாம், புத்தகத்தைக் கவிழ்த்தும் வைக்கலாம். நேரம் வாசகரின் கையில் இருக்கிறது.

தொலைக்காட்சியில் நேரம் எடிட்டரின் கைக்குப் போய்விடுகிறது. இருபத்து நான்கு முறை மணித் தலைப்பைப் போட்டால் ரயில்வே கால அட்டவணை போல ஆகிவிடும். அதனால் அவர்கள் மணிக்கணக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மனிதர்கள் அவிழ்கிற வரிசையை முதுகெலும்பாக்கினார்கள். கல்லின் சக்தியால் யாராலும் பொய் சொல்ல முடியாமல் போகிறது. முதலில் சின்னச் சின்ன உண்மைகள் வெளிவருகின்றன, பிறகு அடக்கிவைத்த ஆசைகள், கடைசியில் ரத்தம். அந்த நாள் எத்தனை மணியில் நிற்கிறது என்பது பார்க்கிறவருக்கு நினைவிருக்காது. இன்னும் எவ்வளவு தூரம் சரியப்போகிறார்கள் என்ற பதைப்புதான் இருக்கும். அதற்குள் பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. ஆனாலும் காமிக்ஸில் என்னை உறைய வைத்தது அந்த வெள்ளை இடைவெளிதான், அது திரையில் இல்லை. அதற்கு ஈடாக எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவும் இல்லை என்பது என் கட்சி.

பரிமாறுகிற பெண்ணின் பெயர் பெட்டி (Bette), அவள் கதை எழுதுகிறவள். தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் மனதுக்குள் நல்ல முடிவுகளை எழுதிவைத்திருக்கிறாள். எந்தக் கதையையும் போதுமான தூரம் இழுத்துக்கொண்டு போனால் அது மரணத்தில்தான் முடியும், அதனால் எங்கே நிறுத்துவது என்பதுதான் சூட்சுமம் என்பது அவள் கணக்கு. இதை இரண்டு வடிவங்களிலும் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைத் தொலைத்திருந்தால் வெறும் கொலைப்படம்தான் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: ஜான் டீயை நல்லவனாக்கிக் கெடுத்துவிட்டார்களே? காமிக்ஸில் அவனைப் பார்த்தாலே குலை நடுங்கும்.

நல்லவனாக்கவில்லை, காரணம் உள்ளவனாக்கினார்கள். காமிக்ஸில் அவன் ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ கூட்டணியின் கதைகளிலிருந்து வந்த பழைய வில்லன். ஆர்க்கம் மனநல விடுதியிலிருந்து தப்பி வருகிறான். அந்த உலகத்தின் சாமான்களையெல்லாம் தொடர் கழற்றி வைத்துவிட்டது. கழற்றிய பிறகு இவன் ஏன் இப்படி என்ற கேள்விக்கு வேறு பதில் தேவைப்பட்டது. பொய்யிலேயே வளர்த்த ஒரு தாயைக் கொடுத்தார்கள். ‘பொய்யில்லாத உலகம் செய்கிறேன்’ என்று நம்புகிற கிறுக்கனாக அவன் ஆகிவிட்டான்.

ஒரே ஒரு இடத்தை எடுத்துப் பாருங்கள். தப்பி வருகிறவனுக்கு ரோஸ்மேரி என்ற பெண் காரில் இடம் கொடுக்கிறாள். வழி நெடுக இருவரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். காமிக்ஸில் பயணம் முடிந்ததும் அவளைச் சுட்டுவிடுகிறான். அந்தப் பக்கத்தை முதன்முறை படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொடரில் அவளை விட்டுவிடுகிறான், தன்னைக் காக்கும் தாயத்தையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறான். இந்த மாற்றத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் ஜான் டீயாக நடிக்கும் டேவிட் தியூலிஸ் அடுத்த எபிசோடில் அதே சாந்தத்தோடு உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ‘இவரைப் போய்ப் பயந்தோமே’ என்று நாம் சாய்ந்து உட்காருகிறோம். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

கேள்வி: சில காட்சிகளில் முகமெல்லாம் நீளமாக இழுத்தது போல இருக்கிறது. எங்கள் டிவியில் கோளாறா?

டிவியைத் திட்ட வேண்டாம். வேண்டுமென்றே அப்படிப் படம்பிடித்திருக்கிறார்கள். அகலப் படத்துக்கான லென்ஸின் நெளிவைச் சரிசெய்யாமல் விட்டால் உருவங்கள் இப்படி நீளும். இது கனவுலகம் என்று சொல்ல ஒரு வழி. வெளிவந்த வாரத்தில் ஊர் உலகமெல்லாம் இதே கேள்வியைக் கேட்டது. பார்க்கிறவர் எழுந்து போய் ரிமோட்டில் செட்டிங்கைத் தேட ஆரம்பித்துவிட்டால் உத்தி தோற்றுவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன் அக்கா. காமிக்ஸில் மார்ஃபியஸுக்குக் கண்களே கிடையாது, கறுப்புக் குழிகளில் விண்மீன்தான். தொடரில் ஏன் சாதாரணக் கண்கள்?

வரைகிறவருக்குக் கண் ஒரு வடிவம், நடிகருக்கு அதுதான் தொழிற்கருவி. மார்ஃபியஸ் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறவன், கையை ஆட்டிப் பேசாதவன். கண்ணையும் மூடிவிட்டால் டாம் ஸ்டர்ரிட்ஜிடம் கன்ன எலும்பைத் தவிர என்ன மிஞ்சும்? பத்து எபிசோடுக்கு அது தாங்காது.

நீங்கள் ஓவியம் படிப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். காமிக்ஸில் எழுத்து வரைந்த டாட் க்ளெய்ன், பெரும்பாலோருக்கு வெள்ளைக் குமிழில் கறுப்பு எழுத்து வைத்தார். மார்ஃபியஸுக்கோ ஓரம் நெளிந்த கறுப்புக் குமிழ், அதில் வெள்ளை எழுத்து. வாசிக்கும்போதே குரல் மாறிக் காதில் விழும். தொடரில் அதற்கு ஈடு ஸ்டர்ரிட்ஜின் தாழ்ந்த, ஏறக்குறைய கிசுகிசுப்பான குரல். கண் போன இடத்தில் குரல் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எபிசோடின் இறுதிப் பெயர்ப் பட்டியலுக்கும் பின்னால் ஓடும் ஓவியங்கள், காமிக்ஸின் அட்டைகளைச் செய்த டேவ் மெக்கீனுடையவை. தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: நரகத்தில் நடக்கும் போட்டியில் எதிராளியை ஏன் மாற்றினார்கள்?

காமிக்ஸில் மார்ஃபியஸின் தலைக்கவசத்தை வைத்திருக்கும் கொரான்சன் என்ற பேயே நேரில் மோதுகிறது. தொடரில் அது தனக்குப் பதிலாக நரகத்தை ஆளும் லூசிஃபரை நிறுத்துகிறது. ‘நான் ஓநாய்’ என்றால் ‘நான் வேடன்’ என்று வார்த்தையால் அடித்துக்கொள்கிற போட்டி இது. இரண்டு பேர் நின்று பேசுகிற காட்சியில் ஒரு பக்கம் நமக்குப் பரிச்சயமில்லாத பேய் என்றால் யார் கவலைப்படுவார்கள்? லூசிஃபராக க்வென்டலின் கிறிஸ்டி நின்றால் கவலைப்படுவோம். அதோடு, சபையில் தோற்ற லூசிஃபருக்கு வஞ்சம் பிறக்கிறது, இரண்டாம் சீசன் அந்த வஞ்சத்திலிருந்து புறப்படுகிறது. தொடரின் மாற்றங்களில் லாபக்கணக்கு சுத்தமாக நேராகும் மாற்றம் இது.

கேள்வி: மரணதேவி வெள்ளைத்தோல் பெண். ஒரு கறுப்பின நடிகையைப் போட்டது மூலத்துக்குத் துரோகம் இல்லையா?

இல்லை. அவள் மனித இனமே இல்லை, அவளுக்கு ஏது தோல்? எட்டாம் இதழில் அவள் முதன்முதலாக வரும்போது முக்கியமானது என்ன? மண்டையோட்டையும் அரிவாளையும் எதிர்பார்த்த வாசகர் முன், பக்கத்து வீட்டு அக்காவைப் போல ஒருத்தி வந்து, மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற தம்பி மார்ஃபியஸின் தலையில் ரொட்டியை விட்டெறிகிறாள். அந்த அன்பும் அதட்டலும்தான் மூலம். அது கெர்பி ஹவல்-பாப்டிஸ்டிடம் இருக்கிறது. ஒரு முதியவரை அழைத்துப் போக அவள் வரும்போது, அவர் தன் யூதப் பிரார்த்தனையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்து நிற்கிறாள். அந்தச் சில நொடிகளைப் பார்த்துவிட்டுத் தோலைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஹாப் கேட்லிங் கதையில் காமிக்ஸுக்கும் தொடருக்கும் ஆண்டுக்கணக்கு இடிக்கிறதே?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும்!

ஹாப் சாக மறுத்த சாதாரண மனிதன். 1389ல் ஒரு சத்திரத்தில் மார்ஃபியஸைச் சந்திக்கிறான். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இடத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. 1889ல், ‘உனக்கு ஒரு நண்பன் தேவைப்படுகிறான், அதனால்தான் வருகிறாய்’ என்று ஹாப் சொல்லிவிட, மார்ஃபியஸ் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான். அடுத்த சந்திப்பு 1989.

காமிக்ஸில் மார்ஃபியஸ் 1916 முதல் 1988 வரை சிறையில் இருக்கிறான். (அவன் சிறைப்பட்டதால் பரவுவதாகக் கதை சொல்லும் தூக்க நோய் உண்மையில் இருந்தது. அதே ஆண்டுகளில் தொடங்கி உலகெங்கும் ஆட்களைத் தூக்கத்தில் ஆழ்த்தியது.) 1988ல் விடுபட்டவன் 1989ல் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறான். தொடரோ கதையின் நிகழ்காலத்தை நம் காலத்துக்கு இழுத்துவிட்டது. சிறைவாசம் நூறாண்டைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் 1989ல் அவன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறான்!

இதைச் சத்தமில்லாமல் மறைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் மறைக்கவில்லை. ஹாப் 1989ல் வந்து உட்கார்ந்து காத்திருக்கிறான். வாசலையே பார்க்கிறான். யாரும் வரவில்லை. தன் வாய்த்துடுக்கால் நட்பு முறிந்தது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறான். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பழைய சத்திரம் மூடிய பிறகு, வேறொரு சத்திரத்தில் மார்ஃபியஸ் தாமதமாக வந்து எதிரே உட்காருகிறான். நண்பர்களைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்று அவன் சொல்லும் அதே வசனம் காமிக்ஸிலும் உண்டு. அங்கே அது ஒரு நயமான பேச்சு, இங்கே அது மன்னிப்பு. காலண்டர் செய்த கோளாறு காமிக்ஸில் இல்லாத ஒரு துயரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆறாவது எபிசோட் மூலத்தைவிட ஒரு படி மேலே நிற்பதாக நான் சொல்வது இந்தக் காலி நாற்காலியால்தான்.

மரணதேவியின் எட்டாம் இதழையும் ஹாப்பின் பதின்மூன்றாம் இதழையும் ஒரே எபிசோடில் ஒட்டியதும் சும்மா இல்லை. அக்காவோடு ஒரு பகல் நடந்த பிறகுதான் தம்பிக்கு நண்பனின் ஞாபகம் வருகிறது.

கேள்வி: பூனைக் கதை மட்டும் ஏன் அனிமேஷன்?

நிஜப் பூனைகள் கூடிநின்று உபதேசம் கேட்கும் காட்சியைப் படம்பிடித்துப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: நான் வரைந்த 12 பக்கக் கனவுக் கதையைக் குறும்படமாக்க ஆசை. எங்கே தொடங்குவது, அக்கா?

கடிகாரத்திலிருந்து. உங்கள் கதையை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் எத்தனை நொடி நிற்கிறார் என்று அவருக்குத் தெரியாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நாற்பது நொடி நின்ற படம்தான் உங்கள் படத்தின் உயிர். அதற்குத் திரையில் எவ்வளவு நேரம் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதை அதைச் சுற்றிக் கட்டலாம்.

இரண்டாவது, புகை மெஷினை வாடகைக்கு எடுக்காதீர்கள். என் முதல் தொடரில் கதாநாயகிக்கு ஒரு கனவு எழுதினேன். தரையெல்லாம் புகை, சாய்ந்த கேமரா, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். ஒளிபரப்பான இரவு, என் அம்மா டிவியைப் பார்த்தபடியே, “அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார். கனவு காண்கிறவருக்குக் கனவு தெளிவாகத்தான் இருக்கும். அதில் எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றே ஒன்று தவறாக இருக்கும். சாண்ட்மேனில் கொரிந்தியன் என்ற கொடுங்கனவைப் பாருங்கள்: நல்ல உடை, இனிய பேச்சு, கறுப்புக் கண்ணாடி. அதைக் கழற்றினால் கண் இருக்க வேண்டிய இடத்தில் பற்கள். புகை எங்கேயாவது இருக்கிறதா?

கேள்வி: குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாமா, மேடம்? மாமியாரும் உடன் இருப்பார்.

ஐந்தாவதை நீங்கள் மட்டும், பகலில் பாருங்கள். சீசனின் பின்பாதியில் தொடர்கொலைகாரர்கள் மாநாடு நடத்துகிறார்கள், அங்கேயும் ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறாவதை மாமியாரோடு தாராளமாகப் பார்க்கலாம். ஒரு கைக்குட்டை அவருக்கும் எடுத்து வையுங்கள்.