டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக மாறிக் கதை ஆடும் மேஜை விளையாட்டு) என் குழு ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தூங்கப் போகிறது. இழந்த பலத்தை மீட்கும் நீண்ட ஓய்வான லாங் ரெஸ்ட்டுக்குத் தடை போடலாமா?

தடை வேண்டாம். புதிதாக டிஎம் (கதையை நடத்துபவர்) ஆனவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்தான் இது. ஒரு அறையில் சண்டை, கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம், அடுத்த அறைக்கு முழு பலத்தோடு வருகை. எந்தச் சண்டையிலும் விறுவிறுப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி இருக்கும்?

பலரும் ஓய்வு விதியைக் காயம் ஆற்றும் விதி என்றே நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குள் நியாயம் பார்க்கும் விதி அது. மந்திரவாதியான விசார்டிடம் ஐந்தாம் லெவலில் மூன்றாம் நிலை ஸ்பெல் ஸ்லாட் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு) 2தான். அதாவது நாளைக்கு 2 ஃபயர்பால் (நெருப்புக் குண்டு மந்திரம்), ஒவ்வொன்றுக்கும் 8டி6 சேதம், அதாவது எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை. ஷார்ட் ரெஸ்ட் என்ற குறுகிய ஓய்வில் ஆர்கேன் ரிகவரி என்ற திறன் வழியாகக் கொஞ்சம் மீட்கலாம்; மீதிக்கு லாங் ரெஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். அதே லெவல் வார்லாக்கிடம் (இன்னொரு வகை மந்திரக்காரர்) மொத்தமே 2 ஸ்லாட், ஆனால் ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்ட்டுக்கும் இரண்டும் திரும்பி வரும். போர்வீரரான ஃபைட்டருடைய ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல் செய்யும் திறன்) அப்படித்தான். விசார்ட் மாதச் சம்பளக்காரர், வார்லாக் தினக்கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளக்காரருக்குத் தினமும் முழு மாதச் சம்பளத்தைக் கொடுத்தால் தினக்கூலிக்காரர் முகம் எப்படி இருக்கும்? உங்கள் குழுவில் ஃபைட்டர் ஆடுபவர் போனை நோண்டிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

சரி, விதி என்ன சொல்கிறது? ஷார்ட் ரெஸ்ட் குறைந்தது 1 மணி நேரம். ஹிட் டைஸை (காயம் ஆற்றவென்று உள்ள பகடைகள்) உருட்டி, கான்ஸ்டிடியூஷன் மாடிஃபயரைக் (உடல் வலுவுக்கான எண்) கூட்டி, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) ஏற்றிக்கொள்ளலாம். லாங் ரெஸ்ட் 8 மணி நேரம். அதில் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம், மீதியில் காவல், சாப்பாடு, பேச்சு. ஹிட் பாயின்ட் முழுவதும் திரும்பும். செலவான ஹிட் டைஸில், மொத்த எண்ணிக்கையின் பாதி வரைதான் விதிப்புத்தகத்தின் 2014 பதிப்பு திருப்பித் தரும். 2024 பதிப்பு எல்லாவற்றையும் தந்துவிடுகிறது.

உங்கள் சிக்கலின் பாதியைத் தீர்க்கும் வரி ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. 2014 பதிப்பில் 24 மணி நேரத்துக்கு ஒரு லாங் ரெஸ்ட்தான். 2024 பதிப்பில், ஒன்று முடிந்து 16 மணி நேரம் கழித்தே அடுத்ததைத் தொடங்கலாம். காலை 6 மணிக்கு எழுந்தவர்கள் 10 மணிக்குச் சண்டையை முடித்தால், இரவு 10 மணி வரை கண்விழித்துக் கிடந்துதான் படுக்கவே முடியும். காப்ளின் (குட்டி அரக்கர்) குகைக்குள் அந்த 12 மணி நேரத்தை எப்படிக் கழிக்கப் போகிறீர்கள் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மீதிப் பாதிக்கு நான் இடத்தைப் பயன்படுத்துகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம். இப்போதைய கதை கடலூரில், கெடிலம் ஆற்றங்கரைக் கோட்டையில் நடக்கிறது. செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. (கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். புதுச்சேரிக்காரனாக இதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க முடியவில்லை.) அந்த ஒப்பந்தத்தை அப்படியே விதியாக்கிவிட்டேன்: குண்டு விழும் எல்லைக்குள் ஷார்ட் ரெஸ்ட் மட்டும். லாங் ரெஸ்ட் வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டி ஒரு ஊருக்குப் போய்த் தங்க வேண்டும்.

போய் வரலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கோட்டைக்காரர்களும் அந்த ஒரு நாளைப் பயன்படுத்துவார்கள். என் குழு முதல் முறை பின்வாங்கித் திரும்பி வந்தபோது வாசலில் இரண்டு காவலாளிக்குப் பதில் ஆறு பேர். இவர்கள் உள்ளே நுழைந்த வடிகால் வாய்க்குக் கம்பி போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது. "மச்சி, ஒரு ஸ்லாட் இருக்குடா, இன்னும் ஒரு ரூம் பாத்துடலாம்" என்று விசார்ட் ஆடுபவரே சொல்கிறார். வார்லாக், "ஒரு மணி நேரம் உட்காருங்கப்பா" என்று கெஞ்சுகிறார். எனக்கு வேண்டியது இந்த வாக்குவாதம்தான்.

தூங்கினால் அசுரனை அனுப்பி எழுப்புவது என்ற பழைய வைத்தியம் எனக்குப் பிடிக்காது. விதிப்படியும் அது பெரிய தண்டனை இல்லை. ஒரு ரவுண்ட் என்பது 6 விநாடி. மூன்று ரவுண்ட் சண்டை 18 விநாடியில் முடிந்துவிடும். 2024 பதிப்பில் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்பதற்கான பகடை) உருட்டினாலே ஓய்வு தடைபடும், ஆனால் உடனே தொடரலாம். ஒரு தடைக்குக் கூடுதலாக 1 மணி நேரம், அவ்வளவுதான். நிஜத்தில் வீணாவது உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் முக்கால் மணி நேரம்.

2014 டிஎம் புத்தகத்தில் இன்னொரு மாற்று விதி உண்டு: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். நீண்ட பயணக் கதைக்கு அருமை. அறை அறையாகப் போகும் குகைக் கதைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆட்டம் நகராது. மேஜ் ஆர்மர் போல 8 மணி நேரம் நிற்கும் மந்திரங்களும் அதில் மதிப்பிழந்துவிடும்.

டைனி ஹட் மந்திரத்தையும் இப்போதே யோசித்து வையுங்கள். சீக்கிரமே உங்கள் விசார்ட் அதோடு வருவார். 8 மணி நேரம் நிற்கும் கூடாரம். உள்ளே எதுவும் நுழையாது. நுழையத் தேவையும் இல்லை. வெளியே இருப்பவர்களுக்கு வில்லோடு வரிசையாக நிற்கவும், புதையலை வேறு வழியாக வண்டியில் ஏற்றவும் அந்த 8 மணி நேரம் தாராளம்.

எதை மாற்றினாலும் அடுத்த ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஃபயர்பால் இரண்டையும் போட்டு முடித்தவரிடம் போய் இன்றைக்குத் தூக்கம் கிடையாது என்றால் அவர் கோபப்படுவார், நியாயமாகவே.